காசிமேடு: கடல்காத்து ஏறினா மொட்டைமாடி ஆன்டெனா நெட் கட் ஆகுது, உதவி வேணும்

மாடிவீடு_காசிமேடு:
எங்க சந்துக்கு ஃபைபர் வரலை, அதனால வயர்லெஸ் நெட். கைப்பிடிச் சுவர்ல கிளாம்ப் அடிச்சு, முக்கால் இஞ்ச் ஜிஐ பைப் பத்தடி, உச்சியில சின்ன டிஷ். காலையில சிக்னல் மைனஸ் 61 டிபிஎம்ல (மைனஸ் எண் பெருசாக ஆக சிக்னல் மோசம்) அசையாம நிக்குது. மத்தியானம் கடல்காத்து வந்ததும் மைனஸ் 78 வரைக்கும் இறங்குது, நெட் போயிடுது. போட்டுக்கொடுத்தவங்க ரேடியோவை, அதாவது டிஷ்ஷோட இருக்கற சிக்னல் கருவியை, மாத்தணும்ங்கறாங்க. பொண்ணுக்கு சாயங்காலம்தான் ஆன்லைன் கிளாஸ். என்ன பண்ணலாம்?

பைப்வேலை_திருவொற்றியூர்:
தம்பி, ரேடியோவுக்கு இப்ப காசு போடாதீங்க. அது கெட்டிருந்தா காலையிலயும் படுத்தும். ஒருத்தரை மேல விட்டு பைப்பை லேசா ஆட்டச் சொல்லுங்க, நீங்க சிக்னல் பக்கத்தைப் பாருங்க. டிஷ்ஷோட பீம் குறுகல், உச்சி கொஞ்சம் திரும்பினாலே டவரை விட்டு விலகிடும்.

மாடிவீடு_காசிமேடு:
ஆட்டிப் பார்த்தாச்சு அண்ணே. அதே மாதிரி மைனஸ் 77க்கு இறங்குது. கிளாம்ப் பக்கத்துல பூச்சும் விரிசல் விட்டிருக்கு.

பைப்வேலை_திருவொற்றியூர்:
அதுதான் விஷயம். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல், அது பைப்பைத் தாங்காது. மாடிப்படி ஹெட்ரூம் சுவருக்கு மாத்துங்க, அது ஒன்பது இஞ்ச் இருக்கும். ரெண்டு இஞ்ச் பி கிளாஸ் (நடுத்தர கனம்) பைப், ரெண்டு பிராக்கெட், நடுவுல மூணடியாவது இடைவெளி. மேல் பிராக்கெட்டுக்கு மேல பைப் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஹெட்ரூமே எட்டடி உயரம்ங்கறதால உயரம் குறையாது. தளத்துல மட்டும் துளை போட விடாதீங்க, தட்டோடு உடைஞ்சா மழைக்கு ஒழுகும். சென்னைக்கு ஐஎஸ் 875ங்கற இந்தியக் கட்டடத் தரவிதி சொல்ற அடிப்படைக் காத்து வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர்ல வர்தா அடிச்சதைப் பார்த்தவங்க நாம. அதனால மூணு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுங்க.

மாடிவீடு_காசிமேடு:
ஹெட்ரூம்ல இருந்து பார்த்தா எதிர்வீட்டு தண்ணி டேங்க்குக்கு மேல டவர் தெரியுது. போதுமா? டேங்க் முப்பது மீட்டர் தள்ளி, டவர் ஒரு கிலோமீட்டர்.

பைப்வேலை_திருவொற்றியூர்:
கண்ணுக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது, ரேடியோ அலை பார்வைக் கோட்டைச் சுத்தி கொஞ்சம் அகலமாப் பரவும், நடுவழியிலதான் அகலம் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ்தானே? அந்தத் தூரத்துல பார்வைக் கோட்டுக்கும் டேங்க் உச்சிக்கும் நடுவுல மூணடி காலியா இருந்தா கவலை வேண்டாம். பாதி வழியில மரமோ கட்டடமோ வந்தா எட்டடி வேணும்.

எலக்ட்ரீஷியன்_தண்டையார்பேட்டை:
சார், கழட்டும்போதே கேபிளையும் பாருங்க. வீட்டுக்குள்ள ஓட்டுற கேபிளை வெயில்ல போட்டிருந்தா மேல்தோல் வெடிச்சு தண்ணி இறங்கும். வெளி உபயோகத்துக்கான கறுப்பு கேட்6 நெட் கேபிள், ஷீல்டு (உலோக உறை) உள்ளதா வாங்குங்க. சுவருக்குள்ள நுழையுற இடத்துக்குக் கீழ ஒரு தொங்கல் விடுங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும். நம்ம பக்கம் உப்புக்காத்துக்கு சாதா நட்டு சீக்கிரம் துரு ஏறும், 316 ஸ்டெயின்லெஸ் கேளுங்க. பைப்புக்குத் தனி எர்த் கம்பி கட்டாயம். நியூட்ரல்லயோ தண்ணிக் குழாய்லயோ கட்டிடாதீங்க. பைப்பைத் தூக்கி நிறுத்தும்போது பக்கத்துல கரண்ட் கம்பி போகுதான்னு முதல்ல பார்த்துக்கோங்க, சாய்ஞ்சாலும் எட்டக்கூடாது.

மாடிவீடு_காசிமேடு:
ரொம்ப நன்றி. பழைய முக்கால் இஞ்ச் பைப்பை ரெண்டு இஞ்சுக்குள்ள விட்டு உயரத்தை ஏத்தலாமா?

பைப்வேலை_திருவொற்றியூர்:
வேணாம் தம்பி, திரும்பவும் ஆடும். மூணடி காலி கிடைச்சிருச்சுன்னா உயரமே தேவையில்லை.