கட்டில் வர ஆறு வாரம் ஆகும், மழைக்காலத்தில் தரையில் மெத்தை: என்ன செய்யலாம்?

செம்பூர்வாசி:

மும்பை செம்பூரில் தரைத்தளத்தில் வாடகை வீடு. கட்டிலுக்கு ஆர்டர் கொடுத்தாச்சு, வந்துசேர ஆறு வாரம் ஆகுமாம். கையில் இருப்பது 5 இன்ச் கயர்-ஃபோம் மெத்தை ஒன்று (72 × 48), ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்று, இரண்டு கோரைப்பாய், ஒரு ஜமுக்காளம். மொசைக் தரை. ஜூலை மாசம், துணியே காய மாட்டேங்குது.

நானும் மனைவியும் ஆறு வயசுப் பையனும் தரையில் சமாளிச்சுக்குவோம். மெத்தை பூசணம் பிடிக்காமல் இருக்க அடியில் என்ன போடணும்? பிளாஸ்டிக் ஷீட் போதுமா? அம்மாவுக்கு 68 வயசு, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவங்களைத் தரையில் படுக்க வைக்க முடியாது. அவங்களுக்கு மட்டும் ஏதாவது தற்காலிக ஏற்பாடு சொல்லுங்க.

மரப்பட்டறை:

பிளாஸ்டிக் ஷீட்டை மெத்தைக்கு நேர் அடியில் போடாதீங்க. தரையிலிருந்து வரும் ஈரத்தை அது தடுக்கும், ஆனால் ராத்திரி முழுக்க உடம்பிலிருந்து இறங்கும் வியர்வை ஈரத்தை அங்கேயே பிடிச்சு வெச்சுக்கும். மெத்தையின் மேல்பக்கம் சூடு, தரை குளிர்ச்சி. நடுவில் காற்று போக வழியில்லை என்றால் ஈரம் அடித்துணியில்தான் போய் நிற்கும். கரும்புள்ளி எப்பவும் அடிப்பக்கத்தில் முதலில் வருவது இதனால்தான்.

முதலில் உங்க தரையைச் சோதிச்சுப் பாருங்க. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் துண்டு ஒன்றைத் தரையில் வெச்சு, நாலு ஓரத்தையும் அகல டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விடுங்க. பாலிதீனுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுது. அடி காய்ந்து மேல்பக்கம் மட்டும் பிசுபிசுத்தால் அது காற்றின் ஈரம். தரைத்தளத்தில் இரண்டும் சேர்ந்தும் வரலாம். மண்ணிலிருந்து ஏறினால் மட்டும் பாலிதீன் தேவை. அப்பவும் தரையை ஒட்டி பாலிதீன், அதுக்கு மேல் மரம், மரத்துக்கு மேல்தான் மெத்தை.

மரம் என்றால் சரக்கு அடுக்கி வைக்கும் பலகைத் தட்டு, அதாவது பேலட்டே போதும். 1200 × 1000 மில்லிமீட்டர் அளவு சுலபமா கிடைக்கும். 1000 பக்கங்கள் நீளவாக்கில் வர்ற மாதிரி இரண்டை ஒட்டி வெச்சால் 2000 × 1200. உங்க மெத்தை அதில் கச்சிதமா உட்காரும்: நீளத்தில் ஆறேழு இன்ச் மரம் மிச்சம், அகலத்தில் மெத்தை பக்கத்துக்கு அரை இன்ச்சுக்குள்தான் வெளியே நிற்கும். உயரம் ஐந்தரை, ஆறு இன்ச் வரும், காற்றுக்கு அது தாராளம். குர்லா, பிவண்டி பக்கம் பழைய பேலட் விற்கிறாங்க. வாங்கும்போது பக்கவாட்டு முத்திரையைப் பாருங்க. எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தினது, அதை எடுங்க. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, படுக்கிற அறைக்கு வேண்டாம். எண்ணெய்க் கறை, மருந்து வாசனை, பூச்சி துளைச்சு மாவு கொட்டும் ஓட்டை இருந்தாலும் விட்டுடுங்க.

மேல்பலகைகளுக்கு நடுவே இடைவெளி 3 இன்ச்சைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கயர் அந்தக் கோட்டில் முறிஞ்சு பள்ளம் விழும், அப்புறம் நேராகாது. இடைவெளி அதிகமா இருந்தால் நடுவில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிச்சுக்குங்க. முழு பிளைவுட் போடுறதா இருந்தால் 12 எம்எம் எடுத்து, அரை அடிக்கு ஒன்றா ஒரு இன்ச் துளை போடணும். துளையில்லாத பிளைவுட் போட்டால் பேலட் வெச்ச பலனே போச்சு. ஓரங்களை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்ச்சு, இரண்டு பேலட்டையும் சேர்த்து ஸ்க்ரூ அடிச்சுடுங்க. இல்லாவிட்டால் ராத்திரி புரளும்போது விலகும்.

அம்மாவுக்கும் இதே மாதிரி இரண்டு அடுக்கு பேலட் போட்டால் பதினொன்று, பன்னிரண்டு இன்ச் உயரம் வந்துடும். மேலே மெத்தை.

முலுண்ட் பிசியோ:

மற்றதெல்லாம் சரி, அம்மாவுக்கு மட்டும் பேலட் அடுக்கு வேண்டாம். உயரம் சரியா வந்தாலும் எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது பாதம் முழங்காலுக்குப் பின்னால் போகணும். கட்டிலுக்குக் கால் இருந்தால் குதிகால் அடியில் நுழையும். பேலட் அடைச்ச பெட்டி மாதிரி நிற்பதால் குதிகால் மரத்தில் முட்டும். பாதம் முன்னாடியே நின்றுடும், எடை மொத்தமும் முழங்கால் மேல் விழும். தேய்மானம் இருக்கிறவங்க பின்பக்கமா சாய்வது இப்படித்தான்.

உயரத்துக்கு அளவு எடுக்கும் விதம்: அம்மாவை நாற்காலியில் உட்கார வெச்சு, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளங்க. அதோடு ஒன்று முதல் இரண்டு இன்ச் கூட்டுங்க. அந்த உயரம் மெத்தையில் அவங்க உட்கார்ந்து மெத்தை அமுங்கின பிறகு வரணும். கடையில் சும்மா அளக்கிற உயரம் உதவாது.

ஆறு வாரத்துக்கு நல்ல வழி, நோயாளிக் கட்டில் வாடகைக்கு எடுப்பது. பரேல், சயான் ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கும், டெபாசிட் கேட்பாங்க. சக்கரம் இல்லாத சாதாக் கட்டில் போதும். சக்கரம் இருந்தால் நாலிலும் பிரேக் பிடிக்குதா என்று உட்கார்ந்து ஆட்டிப் பாருங்க. இந்தக் கட்டில்கள் சில சமயம் ரொம்ப உயரமா இருக்கும், பாதம் தரையில் படாமல் தொங்கினால் அதுவும் ஆபத்து. டேப்பைக் கையோடு கொண்டுபோங்க. உயரத்தைச் சரிக்கட்ட பாதத்துக்கு அடியில் முக்காலி வைப்பது வேண்டாம், ராத்திரி தூக்கத்தில் அதுதான் காலை வாரிவிடும்.

நாடா போட்ட மடக்குக் கட்டிலைப் பலர் சொல்வாங்க. இளவயசுக்காரங்களுக்குச் சரி. பெரியவங்களுக்கு நடுவில் தொய்யும், இடுப்பு பள்ளத்தில் இறங்கிடும், ஓரத்து இரும்புக் குழாய் தொடையில் அழுத்தும். மேலே பிளைவுட் போட்டால், பலகை கால்களைத் தாண்டி நீண்டிருக்கக் கூடாது. ஓரத்தில் உட்கார்ந்ததும் மறுபக்கம் தூக்கிடும். கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பது கூடவே கூடாது, மடக்கும் பூட்டு நழுவும்.

ஒருவேளை கட்டில் வர ஒன்றிரண்டு நாள் தாமதமாகி அவங்க தரையில் படுக்க நேர்ந்தால்: முதலில் ஒருக்களிக்கணும், முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரணும், பிறகு கையும் முழங்காலும் ஊன்றிய நிலைக்கு வரணும். முழங்காலுக்கு அடியில் தலையணை. எதிரே சுவரோடு ஒட்டிய நாற்காலி. அதைப் பிடிச்சுக்கிட்டு வலி குறைவான காலை முன்னால் ஊன்றி எழணும். நீங்க அக்குளில் கை கொடுத்து இழுக்காதீங்க, தோள் பிசகும். முழங்கால் ஆபரேஷன் ஆனவங்க என்றால் இந்த முறையே வேண்டாம், டாக்டரைக் கேட்டுத்தான்.

மாட்டுங்கா மாமி:

கோரைப்பாயைப் பத்திச் சொல்லணும். ஊரில் மாதிரி விரிச்சபடியே விட்டால் இந்த மழைக்கு ஒரு வாரத்தில் பச்சை பூக்கும். காலையில் சுருட்டி நிறுத்தி வைங்கோ. ஈரத்துணியால் துடைக்காதேங்கோ, காய்ந்த துணி போதும். இலவம்பஞ்சு இழையில் மெழுகு மாதிரிப் பூச்சு இருக்கு, தண்ணியை லேசில் குடிக்காது. ஆனால் உறைத்துணி குடிக்கும், அது வழியா பஞ்சு கட்டி தட்டும். குழந்தைக்கு அதைப் போடும்போது அடியில் பாய், மேலே ஜமுக்காளம், அப்புறம் மெத்தை. தினமும் எடுத்து மடிச்சு நாற்காலி மேல் போட்டு ஃபேனைச் சுத்த விடுங்கோ.

கயர் மெத்தையை மடிக்கவே மடிக்காதேங்கோ. வாரம் இரண்டு தடவை நீளவாக்கில் சுவரில் சாய்ச்சு, சுவருக்கும் அதுக்கும் ஒரு சாண் இடம் விட்டு இரண்டு மணி நேரம் ஃபேன் காட்டினால் போதும். மழை பெய்யறச்சே ஜன்னலைத் திறந்து வெச்சால் காயும்னு நினைக்காதேங்கோ, வெளிக்காத்தில்தான் ஈரம் ஜாஸ்தி. ஏசி இருந்தால் டிரை மோடில் போடுங்கோ.

கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கோ, தரையில் தொங்க விட்டால் கரப்பான் பூச்சிக்கு வழி. டெங்கு கொசு பகலில் கடிக்கறது, குழந்தை மத்தியானம் தூங்கினாலும் வலை வேணும். கொசுவர்த்திச் சுருளைத் தரையில் தலைமாட்டில் வைக்காதேங்கோ, புகை நேரா மூக்குக்குத்தான் போகும், துணியும் பக்கத்திலேயே இருக்கும். எக்ஸ்டென்ஷன் போர்டையும் தரையிலிருந்து தூக்கி வைங்கோ.

செம்பூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. பாலிதீன் சோதனை செஞ்சாச்சு: அடி காய்ந்திருக்கு, மேல்பக்கம்தான் ஈரம். பேலட்டுக்குச் சொல்லியிருக்கேன், அம்மாவுக்கு நாளைக்கு சயானில் கட்டில் பார்க்கப் போறோம். கயர் மெத்தையின் அடியில் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியுது. தூக்கி எறியணுமா?

மரப்பட்டறை:

உறையில் மட்டும் என்றால் வேண்டாம். முகத்தில் மாஸ்க் கட்டி, பால்கனியில் வெச்சுத் துடைங்க. வீட்டுக்குள் பிரஷ் போட்டால் பூசணத்தூள் எல்லா இடமும் பரவும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைச்சு ஒத்தி எடுங்க, ஊற்ற வேண்டாம். பக்கத்தில் அடுப்பு, விளக்கு கூடாது. அப்புறம் முழுசா காயும் வரை ஃபேன் காற்றில் நிறுத்தணும். ஜிப்பைத் திறந்து உள்ளே கயரைப் பாருங்க. அங்கேயும் புள்ளி ஏறியிருந்தால், அமுக்கினால் மண்வாசனை அடிச்சால், அந்த மெத்தையில் பையனைப் படுக்க வைக்காதீங்க, மாற்றிடுங்க.

முலுண்ட் பிசியோ:

சயானில் கட்டில் எடுக்கும்போது வண்டியில் ஏத்துறதுக்கு முன்னாடி போல்ட் துளைகள், குழாய் முனைகள், மெத்தைத் தையல் மடிப்பு எல்லாத்திலும் டார்ச் அடிச்சுப் பாருங்க. மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளி இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம், அந்தக் கட்டில் வேண்டாம், வேறு கேளுங்க. கட்டிலை மட்டும் எடுத்தால் போதும், மெத்தைக்குப் புதுசா 4 இன்ச் ஒன்று வாங்கிக்கலாம். அப்போ உயரக் கணக்கில் அந்த 4 இன்ச்சையும் அமுங்கினது போகச் சேர்த்துக்குங்க.