தாத்தாவின் தொடை இளைப்பு: எங்கள் குடும்பக் குழுவில்

சிவகுமார்: அனைவருக்கும் வணக்கம். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா வேளை தவறாமல் கஞ்சியும் இட்லியும் சாப்பிடுகிறார், எடையும் குறையவில்லை. ஆனால், அறுவை செய்த பக்கத் தொடையில் சதை வற்றித் தோல் தொங்குகிறது. கயல், நீ பிசியோதெரபி படித்தவள், இது ஏன் என்று சொல்லம்மா.

கயல்: பெரியப்பா, முதலில் தாத்தாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா?

சிவகுமார்: விழுகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரிதான், வலி இல்லை.

கயல்: ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்திருந்தால், காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்று உடனே மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல்லியிருப்பேன். இரு காலிலும் நீர் கோத்திருப்பதையும் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். அந்த நீரின் எடைதான் கரைந்த தசையின் எடையை ஈடுகட்டி, எடைக்கருவியில் பழைய எண்ணையே காட்டுகிறது.

தசையிலுள்ள புரதம் நாள்தோறும் சிதைந்து, நாள்தோறும் புதிதாக உருவாகிறது. படுத்தே இருந்தால் உருவாவது குறையும். அறுவை சிகிச்சையால் உண்டாகும் அழற்சி சிதைவதைக் கூட்டும். புண் ஆறத் தேவையான அமினோ அமிலங்களையும் (புரதத்தின் சின்னச் சின்ன கூறுகள்) உடல் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நோயில்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்திருந்தது.

செல்வி அத்தை: எங்கள் தெருவில் ஒருவர் புற்றுநோயில் இப்படித்தான் உருகிப்போனார். அதுவாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, கயல்.

கயல்: அது வேறு வகை, அத்தை. அந்த நோயில் பசி செத்துவிடும், உடல் முழுவதும் இளைக்கும், உணவை மட்டும் கூட்டி அதை மீட்க முடியாது. தாத்தாவுக்குப் பசி இருக்கிறது, ஒரு தொடைதான் அதிகம் வற்றியிருக்கிறது. நெற்றிப்பொட்டும் தோள்பட்டையும் குழிந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிவகுமார்: சாப்பாட்டில் என்ன மாற்றம் செய்யலாம்?

கயல்: கஞ்சி வயிற்றை நிரப்பும், தசையை வளர்க்காது. நோயிலிருந்து தேறும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். தாத்தாவின் 60 கிலோவுக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான் என்பதால், பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்த அளவு ஆகாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

செல்வி அத்தை: கடையில் விற்கும் சத்துமாவு டப்பா ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?

கயல்: அனுப்புங்கள், ஆனால் பின்பக்க அட்டவணையில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். எதைக் கொடுத்தாலும் தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் பெரிதாகப் பயனில்லை. படுத்தபடியே முழங்காலின் பின்புறத்தை மெத்தையில் அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து தளர்த்தச் சொல்லுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. அவருடைய மருத்துவர் சம்மதித்தால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியையும் தொடங்கலாம். தையல் டேப்பால் முழங்கால் சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே தொடையைச் சுற்றி அளந்து குறித்து வையுங்கள். எடைக்கருவியை விட அது நம்பகமானது.

சிவகுமார்: டேப் இருக்கிறது, மாலையில் அளந்து எழுதுகிறேன். கிரியேட்டினின் சோதனைக்கு நாளைக் காலையில் இரத்தம் எடுக்க வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன். அறிக்கை கிடைத்ததும் படம் எடுத்துப் போடுகிறேன்.