யார்டு வளர்ந்த கதை: கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள் (சிங்கப்பூர் ரிக், பிளாட்ஃபார்ம் ஆட்களுக்கு)

ஃபிட்டர்_பாசறை (திரியைத் தொடங்கியவர்)

2023 பிப்ரவரியில் கெப்பலின் ஆஃப்ஷோர் பிரிவும் செம்ப்கார்ப் மரைனும் ஒன்றாகி, ஏப்ரலில் சீட்ரியம் என்று பெயரும் மாறியது. செய்தியில் வந்ததெல்லாம் பங்கு விலையும் ஆர்டர் கணக்கும்தான். 1960களில் கப்பல் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஊர், பிறகு உலகத்துக்கே ஜாக்அப் ரிக் (கடலடியில் கால் ஊன்றி நின்று எண்ணெய்க்குத் துளையிடும் மேடை) கட்டிக் கொடுத்தது. உள்ளே நின்றவர்கள் அந்த வளர்ச்சியை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கத்தான் இந்தத் திரி. என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் விலை ஏறி ஏறி 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டதே, அந்த ஏற்றக் காலம். எந்த யார்டு என்பது வேண்டாம். ரிக்கின் கால், இரண்டு செக்‌ஷனை ஒட்டும் வேலை. ரேக் தகடு, அதாவது கால் ஏறி இறங்கப் பல் வெட்டிய தகடு, 690 கிரேடு, 127 மில்லி தடிமன். செய்தவர்களுக்குத் தெரியும்: ஹீட்டிங் பேட் கட்டி 150 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பிடித்து, இரண்டு பக்கமும் இரண்டு வெல்டர் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கால் கோணிக்கொள்ளும். ஜாயின்ட் பாதி நிரம்பியிருந்தபோது மழை பிடித்தது, கரண்ட் டிரிப் ஆனது.

ஃபோர்மேன் ஜொகூர்க்காரர். நாங்கள் அங்கிள் என்போம். கேஸ் டார்ச் நாலைந்தை எடுத்துவரச் சொல்லி ஜாயின்டைச் சுற்றிக் காட்ட வைத்தார். மற்றவர்கள் தார்பாலினைத் தலைக்கு மேல் பிடித்து நின்றோம். மேனேஜர் ஓடி வந்தார். இதை மூடிப் போட்டுவிட்டு வெல்டர்களைப் பக்கத்து ரிக்குக்கு அனுப்பு, அங்கே கிரேன் காத்திருக்கிறது என்று சத்தம். அங்கிள் பதில் பேசவில்லை. சூடு பார்க்கிற சாக்பீஸை, இரும்பில் தேவையான சூடு இருந்தால் உருகுமே அதை, அவர் கையில் கொடுத்து, "நீங்களே தேய்த்துப் பாருங்கள் சார். உருகாவிட்டால் அனுப்பிவிடுகிறேன், நாளைக்குத் தோண்டி முதலிலிருந்து வெல்ட் பண்ணலாம்" என்றார். வெள்ளை ஹெல்மெட்டோடு அந்த ஆள் மழையில் குந்தி உட்கார்ந்து இரும்பில் சாக்பீஸ் தேய்த்தார். உருகியது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். 48 மணி நேரம் விட்டு யூடி (வெல்டின் உள்ளே குறை தேடும் ஒலி அலைச் சோதனை) பார்த்தார்கள், கிளியர்.

அப்புறம் யார்டில் ஒரே சமயத்தில் ஐந்தாறு ரிக் நின்ற காலம் வந்தது. அப்போது ஒரு மேனேஜர்கூட ஜாயின்ட் பக்கம் குந்தி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

டிராயிங்போர்டு1981

தம்பி, 2008லிருந்து தொடங்கினால் கதை பாதிதான். கெப்பலின் ரிக் யார்டான ஃபெல்ஸ் என்பதன் முழுப்பெயரே ஃபார் ஈஸ்ட் லெவிங்ஸ்டன். லெவிங்ஸ்டன் டெக்சாஸ் மாநிலத்து ஆரஞ்ச் ஊர்க் கம்பெனி. கெப்பல் 1971ல்தான் அதில் பங்கு வாங்கியது. அந்தக் காலத்தில் இந்த ஊர் யார்டுகளில் இரும்பும் ஆளும் நம்முடையது, வரைபடம் அமெரிக்காவுடையது.

நான் வேறொரு யார்டில் டிராஃப்ட்ஸ்மேன். வரைபடம் அடி, அங்குலத்தில் வரும். தகடு மில்லிமீட்டரில் வரும். ஒரு அங்குலம் என்றால் 25.4. கைக்கு வந்தது 25. இந்த 0.4 மில்லிக்கு நாமாக முடிவு எடுக்க முடியாது, டிசைனர் ஒப்புதல் வேண்டும். சாயங்காலம் டெலெக்ஸ் (தொலைத்தட்டச்சுச் செய்தி) அடிப்போம். நமக்கும் டெக்சாஸுக்கும் 13, 14 மணி நேர வித்தியாசம். நாம் தூங்கும்போது அவர்கள் படித்து, மறுநாள் காலை பதில் கிடக்கும். ஒரு முறை வெள்ளிக்கிழமை அனுப்பியது, அங்கே நீண்ட விடுமுறை. பிளாக் அசெம்பிளியில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்க, நான் டெலெக்ஸ் அறை வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை வந்த பதில் ஒரே வரி: தகடு ஏற்கப்பட்டது.

2000களில் கெப்பல் தன் சொந்த ஜாக்அப் டிசைன் பி கிளாஸை உலகம் முழுக்க விற்றது. அதில் பெருமை ஒரு பக்கம். வேலை நடக்கிற இடத்தில் அதன் அர்த்தம் வேறு. கேள்வி வந்தால் பக்கத்துக் கட்டடத்து இன்ஜினியர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, பார்த்து, கையெழுத்துப் போடுவார். அந்த நாலு நாள் மிச்சம். நீங்கள் சொல்கிற ஏற்றக் காலத்தில் ஒரு ரிக்குக்குப் பின்னால் இன்னொன்று என்று தள்ள முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொன்று. 1986ல் எண்ணெய் 10 டாலர் பக்கம் விழுந்தபோது ரிக் ஆர்டர் அடியோடு நின்றுபோனது. யார்டுகள் பிழைத்தது ரிப்பேரை விடாமல் வைத்திருந்ததால்தான். சரிவு 2014ல்தான் முதல்முறை வந்தது போல இப்போதைய பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

கேட்டில்_நின்றவன்

டிராயிங்போர்டு சார், டிசைன் டிசைன் என்கிறீர்கள். அந்த டிசைனைப் பிடித்து நிறுத்தியது யார்? 2013ல் கெப்பல் ஒரே வருடத்தில் 20க்கு மேல் ரிக் கொடுத்ததாகப் பெருமையாகப் போட்டார்கள். பெரிய யார்டு எதை எடுத்தாலும் உள்ளே வேலை செய்பவர்களில் பெரும்பகுதி கான்ட்ராக்ட் கம்பெனி ஆட்கள். யார்டு ஹெல்மெட்தான் போட்டிருப்போம், சம்பளம் கொடுப்பது யாரோ ஒரு சின்ன ஆபீஸ். ஏற்றத்தில் எங்களைச் சேர்த்து எண்ணுவார்கள், இறக்கத்தில் எண்ண மாட்டார்கள். நிரந்தர ஊழியரை வேலையை விட்டு எடுத்தால் அது செய்தி. எங்கள் கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்தால் அது வெறும் காகிதம்.

2014 நடுவில் 115 டாலர், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே. அந்த இடைப்பட்ட காலத்தில் ஒரு நாள் காலை. லாரியில் இறங்கி வழக்கம்போல டர்ன்ஸ்டைலில் கார்டு வைத்தேன். பச்சை வரவில்லை. துடைத்துத் திரும்ப வைத்தேன், சிவப்பு. பின்னால் வரிசை நெருக்குகிறது. எனக்குப் பின்னால் இருந்த எங்கள் கம்பெனிப் பையனை முன்னால் விட்டேன், அவனுக்கும் சிவப்பு. அவனுக்குப் பின்னால் இருந்தவனுக்கும். அப்போதுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. காவலாளியும் நம் ஆள்தான், "உங்க கம்பெனியைக் கேளுங்க தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பெனி போனை எடுக்கவில்லை.

என் கிரைண்டர், கேஜ், வெல்டிங் ஜாக்கெட் எல்லாம் உள்ளே லாக்கரில். கேட்டு வாங்க மூன்று வாரம் அலைந்தும் கிடைக்கவில்லை. இரண்டு மாதச் சம்பள பாக்கி வேறு கதை.

இன்ஸ்பெக்‌ஷன்_மணி

கேட்டில்_நின்றவன் எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எனக்கும் 2016ல் வேலை போனது. கட்டிக்கொண்டிருந்த ரிக்கை வாங்க ஆள் இல்லாமல் அப்படியே நிறுத்திவைத்தார்கள், நான் ஊருக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் இப்போது கிளம்புகிற தம்பிகளுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் ஏஜென்ட். சிங்கப்பூர் சட்டப்படி அங்கே உள்ள ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணம் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கொடுப்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஐபிஏ (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) கடிதம் உங்கள் மொழியிலேயே வரும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். விமானம் ஏறும் முன் படியுங்கள், போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். வந்த பிறகு வேறு சம்பளம் பேசினால் அதுதான் ஆதாரம்.

அடுத்து, வெறும் 6ஜி (சாய்ந்த குழாய் வெல்டிங் தேர்வு) பாஸ் என்று நிற்காதீர்கள். கடல் மேடையைத் தாங்கும் குழாய்க் கூடான ஜாக்கெட் வேலையில் குழாயும் குழாயும் கோணத்தில் சேரும் நோட் ஜாயின்டுக்கு அதைவிடக் கடினமான 6ஜிஆர் தேர்வு கேட்பார்கள். வெல்டிங்கில் நாலைந்து வருடம் ஆனவர்கள் சிஎஸ்விப் 3.1 (வெல்டிங் இன்ஸ்பெக்டர் தேர்வு) எழுதுங்கள். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். கண் நன்றாக இருந்தால் யூடி லெவல் 2, அதிலிருந்து அதன் மேம்பட்ட வகையான ஃபேஸ்டு அரே. எலக்ட்ரோடைச் சூட்டு அடுப்பில் (ஓவன்) வைப்பது, வெளியே எடுத்து எத்தனை மணி நேரம் என்று குறிப்பது, இதையெல்லாம் ஸ்டோர் பையன் வேலை என்று விடாதீர்கள், இன்டர்வியூவில் கேட்கிறார்கள். காற்றாலை வேலை வருகிறது என்று ஜிடபிள்யூஓ எனும் காற்றாலைப் பாதுகாப்புக் கோர்ஸில் காசைக் கொட்டாதீர்கள். அது கடலில் டர்பைனில் ஏறுபவர்களுக்கு, இரண்டு வருடத்தில் காலாவதியும் ஆகிவிடும். யார்டுக்குள் வெல்டிங் செய்பவனுக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆங்கிலம் நாலு வரி எழுதப் பழகுங்கள், என்சிஆர் (தரக்குறை அறிக்கை) எழுதத் தெரிந்தவனைக் கம்பெனி லேசில் விடாது. அப்புறம் ஓடி (ஓவர்டைம்) பணத்தை நம்பிக் கடன்

இன்ஸ்பெக்‌ஷன்_மணி

மேலே பாதியில் போஸ்ட் ஆகிவிட்டது. ஓடி பணத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இறக்கத்தில் முதலில் நிற்பது ஓடிதான்.

கேட்டில்_நின்றவன்

மணி அண்ணே, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் நான் வேலை தேடிக்கொண்டு இங்கே வரவில்லை. இரண்டு மாதக் கட்டணம் என்கிற சட்டம் எங்கள் ஊர் ஏஜென்ட் வாசலைத் தாண்டாது, அவன் ரசீதே கொடுப்பதில்லை.

ஹாட்வொர்க்_பெர்மிட்

எல்லோரும் வெல்டிங்கையும் சம்பளத்தையும் பேசுகிறீர்கள். 1978 அக்டோபர் 12, ஜூரோங் யார்டில் ஸ்பைரோஸ் டாங்கர் வெடித்து 76 பேர் செத்தார்கள். 2004ல் கெப்பல் யார்டில் அல்முடைனா கப்பல் தீயில் 7 பேர். பிறகு 2006ல் வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். வளர்ச்சி என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் பார்த்தது சின்னது. டாங்கி மேன்ஹோல். கேஸ் டெஸ்ட் பண்ணுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். சூப்பர்வைசர் "காலையில் பார்த்ததுதானே, இறங்கு" என்றார். வாசலில் ஹோல்வாட்ச்சாக (உள்ளே இறங்குபவர்களைக் கவனிக்கும் ஆள்) நின்ற பங்களாதேஷ் பையன், வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, மேன்ஹோல் வாயில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டான். திட்டினார், அசையவில்லை. போர்டில் நேரம் எழுதும் கட்டத்தை மட்டும் விரலால் காட்டினான். காலியாக இருந்தது. டெஸ்டர் வந்து மீட்டரை இறக்கினார், உள்ளே ஆக்சிஜன் 19 சதவீதத்துக்கும் கீழே. காலையில் சரியாக இருந்த அதே டாங்கிதான்.

பாசறை தம்பி, ஐந்தாறு ரிக் நின்றபோது மேனேஜர் கீழே வரவில்லை என்கிறீர்களே, அவர் வந்தாலும் வராவிட்டாலும் வேலை சரியாக நடக்கத்தான் பெர்மிட்டும் போர்டும். அங்கிளை நம்பி ஒரு ரிக் கட்டலாம், இருபது கட்ட முடியாது.

ஃபிட்டர்_பாசறை

அண்ணே, போர்டில் கட்டம் காலி என்று காட்ட அந்தப் பையன் உட்கார்ந்தான் அல்லவா? அவன் உட்காராமல் இருந்திருந்தால் போர்டு என்ன செய்திருக்கும்?

பாலாஸ்ட்_பம்ப்

நீங்கள் இருவரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். யாருமே இன்றைக்கு என்ன கட்டுகிறார்கள் என்று சொல்லவில்லையே. 2021 ஜனவரியிலேயே கெப்பல் புது ரிக் கட்டுவதில்லை என்று அறிவித்துவிட்டது. செம்ப்கார்ப் அதற்கு முன்பே பிரிட்டனின் ஹார்ன்சீ 2 காற்றாலைக்கு இரண்டு டாப்சைடு (கடல் மேடையின் மேல்பகுதி) எடுத்துச் செய்தது. இப்போது சீட்ரியம் கையில் இருப்பது டென்னெட் என்ற ஐரோப்பிய மின்கடத்தல் நிறுவனத்துக்கான மின்மாற்று மேடைகள், ஒவ்வொன்றும் 2 கிகாவாட், 525 கிலோவோல்ட். துரப்பணக் கோபுரம் இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரும், மின்சாரத்தை மாற்றும் கருவிகள் நிற்கும் வால்வ் ஹாலும். அடியில் இரும்பு வேலை அதேதான்.

நான் இருந்தது வட கடலுக்குப் போன ஒரு டாப்சைடைக் கரையிலிருந்து பார்ஜில் (தட்டையான சரக்குப் படகு) ஏற்றும் லோட்அவுட்டில். பார்ஜின் தொட்டித் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் பாலாஸ்ட் குழு. பல ஆயிரம் டன். அடியில் எஸ்பிஎம்டி எனும் தானே நகரும் பாரவண்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் எத்தனையோ சக்கரம், மொத்தமும் ஆள் நடக்கிற வேகத்தில் பாதிகூட இல்லை. ஏற்ற நீர் (கடல் மட்டம் உயர்வது) தொடங்கும்போது ஆரம்பிப்போம். ஒரு வரிசை அச்சு பார்ஜில் ஏறினால் பார்ஜ் அமிழும், அந்தக் கனத்துக்கு ஏற்பத் தண்ணீரை வெளியே தள்ளி, துறைமேடை மட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஏற்ற நீர் நமக்கு உதவும். ஆனால் அது உயர்ந்து முடிந்தால் வாய்ப்பும் முடிந்தது.

மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. ஒரு பம்ப் நின்றது. லோட்மாஸ்டர் கையை முஷ்டியாக உயர்த்தினார். எல்லாச் சக்கரமும் நின்றன. டாப்சைடு பாதி கரையில், பாதி கடலில். மேடைக்கும் பார்ஜுக்கும் நடுவே போட்ட இரும்புத் தகடு கிறீச்சென்று கத்தியது. சர்வேயர் மட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லிக்கொண்டே இருந்தார்: 12, 15, 19. ரேடியோவில் வேறு யாரும் பேசவில்லை. மாற்று பம்ப் முன்கூட்டியே குழாய் பொருத்தித் தயாராக நின்றது. வால்வைத் திருப்பியவன் நான். 19லிருந்து இறங்க ஆரம்பித்தது.

முடிந்த பிறகு லோட்மாஸ்டர், ஒரு டச்சுக்காரர், மாற்று பம்ப் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியது யார் என்று கேட்டார். நம் ஆள் ஒருவர், முன்பு ஜாக்அப் ரிக்குகளைத் தண்ணீரில் இறக்கிய குழுவில் இருந்தவர். 2016 ஆட்குறைப்பில் போய், காற்றாலை வேலை வந்ததும் திரும்ப எடுக்கப்பட்டவர். இந்த முறையும் கான்ட்ராக்டில்தான்.

டிராயிங்போர்டு1981

பாலாஸ்ட் தம்பி, ஏற்றுவதற்கு முன் லோட்செல் வைத்து எடை பார்த்தார்களா? எங்கள் காலத்தில் கணக்குப்போட்ட எடைக்கும் நிஜ எடைக்கும் நடுவே பெயின்டும் கேபிளும் வந்து நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கம் கனம் என்றால் கனமையம் எங்கே விழுந்தது, அதையும் எழுதுங்கள்.