மேலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிபுரோப்பிலீன்: டைட்ரேஷனில் சிக்கல்

வணக்கம். பாலிமர் வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

பாலிபுரோப்பிலீனை உருக்கி, வினையைத் தொடக்கிவிட டைக்யூமைல் பெராக்சைடு போட்டு மேலியிக் அன்ஹைட்ரைடை ஒட்டவைத்திருக்கிறேன். கண்ணாடி இழையோடு நன்றாகப் பிடிக்க வேண்டும், அதற்காக. ஒட்டாமல் மிஞ்சியதை நீக்க, சூடான சைலீனில் கரைத்து அசிட்டோனில் ஊற்றி வீழ்படிவாக்கி, வெற்றிட அடுப்பில் உலர்த்தியாயிற்று. அகச்சிவப்பு நிறமாலையில் 1780 செ.மீ⁻¹ அருகே அன்ஹைட்ரைடு பட்டை பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் 1710-லும் ஒரு தோள். ஈரம் பட்டு அன்ஹைட்ரைடு வளையம் திறந்து அமிலமாகியிருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு மேலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டியிருக்கிறது என்று அளக்கும் டைட்ரேஷனுக்கு (காரத்தைச் சிறிது சிறிதாக விட்டு அமிலத்தை அளப்பது) வருகிறேன். சூடான சைலீன் கரைசலில் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடை விட விட, பாலிமர் இழை இழையாகப் பிரிந்து வந்துவிடுகிறது. நிறம் மாறும் இடம் பிடிபட மாட்டேன் என்கிறது. அப்புறம் கணக்கு: ஆல்கஹால் வளையத்தைத் திறந்தால் ஒரு பக்கம் எஸ்டராகி, ஒரு அமிலத் தொகுதிதான் மிஞ்சும். தண்ணீர் திறந்தால் இரண்டு. எதை வைத்து வகுப்பது? விடை இருமடங்கு மாறுகிறதே!

அளப்பதற்கு முன் வெற்றிடத்தில் 120 டிகிரியில் வைத்து வளையத்தை மூடிவிடுகிறீர்களா, சில சொட்டு நீர் விட்டு முழுதாகத் திறந்துவிடுகிறீர்களா? காரத்தை மிகையாகச் சேர்த்து, மிச்சத்தை அமிலத்தால் பின்னோக்கி டைட்ரேட் செய்தவர்கள் உண்டா? மெல்ட் ஃப்ளோவும் (உருகிய பாலிமர் ஓடும் வேகம்) எகிறியிருக்கிறது, ஆனால் அது பெராக்சைடு சங்கிலியை வெட்டும் வேலை; அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அகச்சிவப்பு மட்டும் போதுமே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதன் அளவுத்திருத்தக் கோட்டை வரையவே இந்த மதிப்புதான் வேண்டும்.