உகந்தையில இருந்து கதிர்காமம்: பையில எதைக் குறைக்கிற?

கல்லடியான்:
எல்லாருக்கும் வணக்கம். இந்த ஆடிக்கு உகந்தை முருகன் கோயிலில இருந்து காட்டுவழியால கதிர்காமக் கோயிலுக்குப் பாதயாத்திரை நடக்கப் போறன், முதல் தரம். மண்டூர், திருக்கோவில், பொத்துவில், பாணமை எண்டு நடந்து வாற கூட்டத்தோட உகந்தையில சேருற எண்ணம். நேத்து ராவு பையைக் கட்டி நெல்லு நிறுக்கிற தராசில வெச்சுப் பாத்தன். தண்ணி இல்லாம 13 கிலோ. 5 லீட்டர் தண்ணியும் சேந்தா 18. என்ட நிறையே 62 தான்.
உள்ள இருக்கிறது: ரெண்டு பேர் படுக்கிற டெண்ட், ஸ்லீப்பிங் பேக், கேஸ் அடுப்பு, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ரெண்டு, மடிக்கிற சோலார் தகடு, தண்ணி வடிகட்டி, ஹெட்லைட், ட்ரோன், உடுப்பு, சாப்பாடு. எதைக் குறைக்கிற?

எட்டுத்தரம்:
முதல்ல ட்ரோனை வீட்டில வை மனே. நீ போறது குமண தேசிய பூங்காவுக்குள்ளால. அனுமதி இல்லாம அங்க அதைப் பறக்க விட ஏலாது, பறவைகளும் பாவம். மறுகா அடுப்பை வை. மறுகா டெண்ட். மறுகா சோலார்.
நான் எட்டுத்தரம் நடந்தவன். ஒரு உரபேக் (உரம் வாற சாக்கு), ரெண்டு சாறன், ஒரு பெட்சீட், தண்ணிக் கேன், அவல், சீனி, கொஞ்சம் அரிசி. பானை கூட்டத்துக்கு ஒண்டு. உகந்தை வரைக்கும் வழியெல்லாம் அன்னதானம், ஆரும் பட்டினி கிடக்கிறல்ல. சுமை தொடங்கிறதே உகந்தைக்கு அங்கால தான். அதுக்குப் பிறகு நீ வேண்டிக்கொண்டு வந்த சாமானைப் பாத்து நீயே அழுவாய்.

மின்னல்_மச்சான்:
ஐயா, கோவிக்காதீங்க. "உரபேக் போதும்" எண்டு ஒவ்வொரு வருசமும் எழுதிற ஆக்கள் தான், மூணாம் நாள் "தம்பி, போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போடலாமா" எண்டு வாறது. நான் ரெண்டு முறை நடந்தன், ரெண்டு முறையும் என்ட பவர் பேங்க் தான் ஊர்ச்சொத்து.
கல்லடியான், எதையும் விடாதீங்க. பையை மாத்துங்க. இடுப்புப் பட்டி உள்ள 50 லீட்டர் பை எடுத்தா பாரம் தோளில இருந்து இடுப்புக்கு இறங்கும். 18 கிலோ 12 மாதிரி இருக்கும்.

எட்டுத்தரம்:
இடுப்புக்கு இறங்கினாலும் கால் தானே தம்பி சுமக்கிற? அது கடல் ஓரத்து மணல். ஒரு எட்டு வெச்சா அரை எட்டு பின்னால இழுக்கும். இடுப்புப் பட்டிக்கு அது தெரியுமா?

பொத்துவில்_காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் யாத்திரை போறவன் இல்ல. அறுகம்குடாப் பக்கம் டெண்டும் சாமானும் வாடகைக்குக் குடுக்கிறவன், குமணைக்குள்ள முகாம் போட்டும் இருந்திருக்கன். ரெண்டு பேரும் நிறையைப் பத்தியே சண்டை பிடிக்கிறீங்க. என்ட கேள்வி வேற: ராவையில கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டா, டோர்ச் எடுபடுமா?
ஒரு ராவு பக்கத்துப் பத்தைக்குள்ள யானை கொப்பு முறிக்கிற சத்தம். டோர்ச்சில பற்றி (பேட்டரி) முடிஞ்சி. புதுப் பற்றி நாலு வாங்கி வெச்சிருந்தன், எங்க வெச்சன் எண்டு தெரியல்ல. பைக்குள்ள கையை விட்டுத் துளாவினா கரண்டி வருது. மறுபடி விட்டா பல்லுத்தூரிகை வருது. யானை தன்ட பாட்டில போயிட்டு, அல்ஹம்துலில்லாஹ். எனக்குத் தான் விடியிற மட்டும் கை நடுங்கினது.
அண்டையில இருந்து ஒரு பை எண்டா உள்ளுக்கு நாலு சின்னப் பை. வெளிச்சம் சிவப்பில, மருந்து வெள்ளையில, சாப்பாடு நீலத்தில, உடுப்பு மிச்சத்தில. சிவப்பு எப்பவும் மேல. இதுக்கு கடையில காசு குடுக்கத் தேவையில்ல, பொம்பிளையள்ற தையல் துண்டு காணும்.

மின்னல்_மச்சான்:
காக்கா சொன்னது சரி. ஆனா பாருங்க, அதுவும் டோர்ச்சும் பற்றியும் இருந்தா தானே தேட?

எட்டுத்தரம்:
உரபேக்கில தேடிறதுக்கு ஒண்டும் இல்ல. அது தான் அதிட விசேசம்.

ஆரையம்பதி_அக்கா:
எட்டுத்தரம் அண்ணன், உங்களுக்குச் சீனி வருத்தம் இல்ல, அதால இப்பிடிச் சொல்றீங்க. நான் தாதி. என்ட அம்மா இன்சுலின் போடுறவ, போன முறை நடந்தவ. அவவுக்கு சீனி பாக்கிற மெசின், பட்டி, ஊசி, இன்சுலின் எல்லாம் போகத் தான் வேணும். இது ஆடம்பரம் இல்ல.
திறந்த இன்சுலின் பெரும்பாலும் 30 பாகை செல்சியசுக்குக் கீழ நாலு கிழமை மட்டும் இருக்கும். ஆடி வெயிலில அந்த மணலில 30க்குக் கீழ எங்க? தண்ணியில ஊற வெச்சா ஆவியாகி ஆவியாகிக் குளிருற பை விக்கிறாங்க. மண்பானைத் தண்ணி குளிருற அதே வழி தான். எனக்கு அது கிடைக்கல்ல. ஈரத் துணியில சுத்தி, காத்துப் படுற மாதிரி பைக்கு வெளியில கட்டிவிட்டன், நிழலில. பாதியைக் கூட வந்த மகள்ட பையில வெச்சன். ஒரு பை ஆத்தில விழுந்தா மத்தது இருக்கும். அடுக்கிறது எண்டா எனக்கு இது தான்.
கல்லடியான் தம்பி, உங்கட வடிகட்டியைப் பத்தி ஒண்டு. அது கிருமியைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. கடலுக்குக் கிட்டின தண்ணி உவர்த்தா உவர்த்தது தான். கலங்கல் தண்ணியை நேர விட்டா அடைச்சுப் போகும். முதல்ல சாறன் துணியில வடிச்சு, கொஞ்ச நேரம் தெளிய விடுங்க. குளோரின் குளிசையும் கொஞ்சம் கொண்டு போங்க. போட்டு அரை மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கணும்.

எட்டுத்தரம்:
அக்கா சொன்னா சரி, மருந்து மருந்து தான். அதுக்கு நான் வாய் திறக்கல்ல. தண்ணிக்கு நாங்க மணலில பூவல் தோண்டிற, ஊறி வாறதை அள்ளிக் கொதிக்க வெச்சு ஆறவெச்சுக் குடிக்கிற. ஆனா ரெண்டு பவர் பேங்க் எந்த வருத்தத்துக்கு?

மின்னல்_மச்சான்:
கணக்கு சொல்றன் ஐயா. 20,000 எண்டு எழுதியிருந்தாலும் உள்ளுக்கு இருக்கிறது 3.7 வோல்ட் கணக்கு, போனுக்குக் குடுக்கிறது 5 வோல்ட். மாறேக்க வீணாப் போறதும் போக, 5,000 பற்றி உள்ள போன் ஒண்டை மூணு தரம் நிரப்பும், நாலு தரம் இல்ல. காட்டுக்குள்ள நாலஞ்சு நாள். படம், வீடியோ, டோர்ச் எல்லாத்துக்கும் ஒண்டு பத்தாது.

பொத்துவில்_காக்கா:
மச்சான், போனை ஆரு டோர்ச்சாப் பாவிக்கச் சொன்ன? சிக்னல் இல்லாத காட்டில போன் சும்மா கிடந்தே பற்றியைத் திண்ணும், டவரைத் தேடித் தேடி. ஏரோபிளேன் மோட்டில போடு. வரைபடத்தை வீட்டிலயே இறக்கி வெச்சா ஜி.பி.எஸ். சிக்னல் இல்லாமலும் காட்டும், அது செய்மதியில இருந்து வாறது. அப்பிடி வெச்சா ஒரு பவர் பேங்க் மிச்சம் வரும்.
சோலாரைப் பத்தி நான் விக்கிறவனா இருந்தும் சொல்றன்: முதுகில தொங்கப் போட்டு நடந்தா அது சூரியனைப் பாக்காது, பத்தையைத் தான் பாக்கும். ஒரே இடத்தில நாள் முழுக்க முகாம் போடுறவனுக்குத் தான் அது.

மின்னல்_மச்சான்:
சோலாரை விட்டுக் குடுக்கிறன். டெண்டை விடமாட்டன். உண்ணி கடிச்சவனுக்குத் தெரியும்.

எட்டுத்தரம்:
உண்ணிக்கு நீளக் காற்சட்டை, ராவையில உடம்பைத் தடவிப் பாக்கிற. கூட்டம் முழுக்க நெருப்பைச் சுத்திப் படுக்கேக்க நீ மட்டும் தனியக் கூடாரத்துக்குள்ள படுத்தா, யானை வந்து எல்லாரும் எழும்பி ஓடேக்க கூடார வாசல் சிப்பைத் தேடிக்கொண்டு இருப்பாய்.

கல்லடியான்:
எல்லாருக்கும் நன்றி. டெண்ட், ட்ரோன், சோலார், அடுப்பு, ஒரு பவர் பேங்க் வீட்டில. டெண்டுக்குப் பதிலா ஒரு படங்குத் துண்டு. அம்மாட பழைய சாறித் துணியில நாலு சின்னப் பை தைச்சாச்சு. தண்ணியோட 11 கிலோ. நாளைக்கு வெளிக்கிடுறன்.

கல்லடியான் (பதினொரு நாளுக்குப் பிறகு):
வந்திட்டன். கால் ரெண்டும் கொப்புளம், மத்தப்படி சுகம். வடிகட்டி ரெண்டாம் நாளே அடைச்சிட்டு. அவசரத்தில துணியால வடிக்காம விட்டது என்ட பிழை, அக்கா. குளிசை தான் காப்பாத்தினது. கும்புக்கன் ஆத்தில இறங்கேக்க பவர் பேங்கை ரெண்டு சொப்பிங் பேக்கில முடிஞ்சு தலையில வெச்சன், நனையல்ல. மின்னல் மச்சான், ஒண்டே கணக்காக் காணும், ஊர்ச்சொத்தா ஆக்காம இருந்தா.
சிவப்புப் பை தான் பெரிய உதவி. மூணாம் ராவு கையை விட்ட உடனே ஹெட்லைட் வந்தது. அதைப் பாத்து ஒரு பெரியம்மா, "மனே, அத ஒருக்காத் தாவன், ஒதுக்குப்புறம் போயிட்டு வாறன்" எண்டு வாங்கினவ. கதிர்காமத்தில தான் திருப்பித் தந்தவ, பற்றி முடிஞ்சு.

எட்டுத்தரம்:
அது என்ட மச்சாள். இந்த முறை அவவைத் தனிய அனுப்பினன். வந்த நாளில இருந்து ஹெட்லைட் கதை தான் வீட்டில. அடுத்தமுறை வரேக்க ரெண்டு கொண்டு வா மனே.