மறு: நீர்வழித் தொற்று – 'டோஸ்' என்பதற்குச் சொல் தேவை

க. எழுதியது:
பொதுச் சுகாதார மாணவர்களுக்கான பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டோஸ்' வருமிடமெல்லாம் 'மருந்தளவு' என்று கிடக்கிறது. 1993இல் மில்வாக்கி நகரக் குடிநீரில் கலந்து ஏறத்தாழ 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது கிரிப்டோஸ்போரிடியம். குளோரினுக்கும் அசையாத கிருமி. அதை விழுங்கியதற்கு 'மருந்தளவு' என்றா எழுதுவது? இன்னொரு சங்கடம்: 'நீர் மாதிரியில் எண்ணிய கிருமிகளை மாதிரியில் இட்டால்' என்ற வாக்கியம். முதல் 'மாதிரி' சாம்பிள், இரண்டாவது கணக்கு மாடல். எனக்கே புரியவில்லை.

பு. எழுதியது:
'நோயூட்டளவு' என்க. மாதிரி வடசொல் திரிந்த தற்பவம், மாத்திரையின் உறவு. மாடலுக்கு 'ஒப்புரு' இருக்க அது எதற்கு?

ந. எழுதியது:
ஐயா, 'மா' இருபதில் ஒரு பங்கு. காணி, முந்திரி போல அளவைப் பெயர். மாதிரி அதிலிருந்து கிளைத்த தனித்தமிழே.

பு. எழுதியது:
அப்படியானால் 'திரி' எங்கிருந்து வந்தது? விளக்கிலிருந்தா?

ச. எழுதியது:
திரியை அப்புறம் கொளுத்தலாம். 'நோயூட்டளவு' கூடவே கூடாது. இந்த அளவைத் தாண்டினால்தான் நோய் என்று மாணவர் நினைத்துவிடுவார்கள். எத்தனை கிருமி உள்ளே போனால் தொற்ற எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கும் இந்தக் கணக்கில் அப்படி எல்லைக்கோடே கிடையாது. ஒற்றைக் கிருமிக்கும் தொற்றுவதற்குச் சிறு வாய்ப்பு உண்டு. 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 29 தன்னார்வலர்களுக்கு இதே கிருமியைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தொற்றும் அளவு 132 கிருமிகள் என்று கணக்கு வந்தது. ஆனால் 30 மட்டும் விழுங்கிய ஐவரில் ஒருவருக்கும் தொற்றியது! ஊரே தினமும் குடிக்கும் தண்ணீரில் அந்தச் சிறு வாய்ப்புதான் பெருந்தொகையாகிறது. தொற்றினாலும் எல்லோரும் நோயில் விழுவதில்லை, அது வேறு கணக்கு. 'உட்சென்ற கிருமியளவு' போதும். நீளம்தான், பொய் இல்லை.

யோ. எழுதியது:
இலங்கைப் பாடநூல்களில் சோதனைக்கு எடுப்பது 'மாதிரி', கணக்கில் கட்டுவது 'மாதிரியுரு'. அணு மாதிரியுரு படித்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

பு. எழுதியது:
வடசொல்லுக்கு வாலா?

க. எழுதியது:
சரி, நேரமில்லை. 'உட்சென்ற கிருமியளவு', 'மாதிரியுரு' இரண்டையும் போடுகிறேன். பு. ஐயாவுக்காகச் சொல்லடைவில் 'ஒப்புரு' என்றும் சேர்த்துவிட்டேன்.

பு. எழுதியது:
சொல்லடைவை யார் படிப்பார்கள்? 'உட்சென்ற' பெயரெச்சம், அதைக் கலைச்சொல்லின் தலையில் வைப்பதையும் ஏற்கவில்லை. தனி இழை தொடங்குகிறேன்.