பெயரின் ஆங்கில எழுத்துக்கு என்ன சொல்? (கையேட்டுக்கு, அவசரம்)

பாளையங்கோட்டை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெண் குழந்தைக்கு இயற்கை சார்ந்த பெயர் தேடும் பெற்றோருக்காக ஒரு சிறு கையேட்டை நாங்கள் நாலு பேர் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். பெயர்ப் பட்டியலை மட்டும் நம் நெல்லைப் பக்கத்துக்கு ஏற்றபடி புதிதாகவே செய்துவிட்டோம்: சாரல், தாழை, பொருநை (தாமிரபரணி), குறிஞ்சி, செண்பகம், பிச்சி, முல்லை என்று போகிறது. பட்டியலில் மூன்று பத்திகள். முதலில் பெயர், அடுத்து பொருள். மூன்றாவதில் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பது. அந்தப் பத்திக்குத் தலைப்பு அகப்படவில்லை. ‘ஸ்பெல்லிங்’ என்று போட எனக்கு மனமில்லை. திங்கள்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

பிறப்பைப் பதிந்த பிறகு ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம். சான்றிதழில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் வரும். தமிழ்ப் பெயரை மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள், ஆங்கில எழுத்தைக் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டுதான் முடிவு செய்கிறார்கள். அப்புறம் பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்றாகிறது. என் தங்கை மகளுக்குத் தாழை என்று வைக்க எல்லாருக்கும் ஆசை. ‘ழை’யை எப்படி எழுதுவது என்று தெரியாமலே அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். ஆங்கில எழுத்துக்குப் பயந்து ஒரு நல்ல பெயர் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தென்காசித் தம்பி எழுதியது:

டீச்சர், ‘ஒலிபெயர்ப்பு’ இருக்கிறதே! கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்குகிற சொல். ‘ஆங்கில ஒலிபெயர்ப்பு’ என்று போட்டால் முடிந்தது. தாழைக்கு இசட்-எச் போடலாம். கோழிக்கோட்டை அப்படித்தான் எழுதுகிறார்கள், யாரும் தடுமாறுவதில்லை.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி எழுதியது:

தம்பி, புழங்குகிறது என்பதாலேயே ஒரு சொல் சரியாகிவிடாது. மொழிபெயர்ப்பில் எது பெயர்கிறது? மொழி. எது நிற்கிறது? பொருள். அதே வாய்பாட்டில் ‘ஒலிபெயர்ப்பு’ என்றால் ஒலி பெயர்ந்துபோக வேண்டும். டீச்சருக்கு வேண்டியது நேர் எதிரானது. ஒலி நிற்க வேண்டும், எழுத்து மட்டும் பெயர வேண்டும். ஆகவே ‘எழுத்துப்பெயர்ப்பு’. ‘எழுத்து’ வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து முடியும் குறுகிய உகரம்) என்பதால் நடுவில் ‘ப்’ கட்டாயம் மிகும். அதை விட்டுவிட்டு அச்சடித்தால் கையேட்டைத் திறந்ததுமே பிழை.

அடுத்தது இசட்-எச். இந்த இசட் எங்கிருந்து வந்தது? ‘நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்’ என்கிறது தொல்காப்பியம். ரகரமும் ழகரமும் ஓரிடத்துப் பிள்ளைகள். சோழமண்டலத்தைக் கேட்ட வெள்ளைக்காரன் காதில் ழகரம் ரகரமாகத்தான் விழுந்தது, ‘கோரமண்டல்’ என்று எழுதினான். அவன் காது தொல்காப்பியத்தோடு ஒத்துப்போகிறது. எனவே ழகரத்துக்கு ஆர் அடிப்படையிலான ஓர் எழுத்துதான் இயல்பு. இசட் எந்த இலக்கணத்திலும் இல்லை.

பட்டியலில் செண்பகம் என்று இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் சொல்லும் 99 பூக்களில் அது ‘பெருந்தண் சண்பகம்’ என்று வருகிறது. ஆனால் சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்றோடும் மொழிக்கு முதலாகாது, அதாவது சொல்லின் தொடக்கத்தில் வராது என்பது தொல்காப்பிய விதி. அப்படியானால் கபிலரின் சண்பகம் எப்படி? நம் ஊர் வாய் அதைச் ‘செண்பகம்’ ஆக்கி விதிக்குள் கொண்டுவந்திருக்கிறது என்பது என் முடிவு. ‘செம்பொன்’ நிறப் பூ என்பதால் செம்மையிலிருந்தே இந்தச் சொல் பிறந்தது என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன்.

தென்காசித் தம்பி எழுதியது:

அண்ணாச்சி, அது வடமொழியின் ‘சம்பக’ என்பதைத்தானே பலரும் சொல்கிறார்கள்? தவிர, செண்பகம் என்று நம் பக்கம் செம்போத்துப் பறவையையும் சொல்வார்கள். பொருள் பத்தியில் ‘பூ’ என்று தெளிவாகப் போடச் சொல்லுங்கள்.

களக்காட்டு அக்கா எழுதியது:

நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள். பிள்ளை பெற்றவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: “இந்தப் பேரை இங்கிலீசுல எப்படிப் போடணும்க்கா?” ஒலிபெயர்ப்பு, எழுத்துப்பெயர்ப்பு இரண்டையும் அவர்கள் முன்னால் வைத்தால் இரண்டுமே விளங்காது. ‘எழுத்துக்கூட்டல்’ என்று போடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அண்ணாச்சி சொன்ன தர்க்கத்துக்கும் ஒரு பதில். நாற்றைப் பெயர்த்து நடுகிறோம். நாற்று மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஒலியையும் அப்படித்தானே பெயர்த்து வேறு எழுத்தில் வைக்கிறோம்? அதனால் ஒலிபெயர்ப்பு தப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. விளங்காது என்பதுதான் என் குறை.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி எழுதியது:

நாற்றுக் கணக்குப்படி மொழிபெயர்ப்பில் மொழி மாறாமல் இருக்க வேண்டுமே தாயி! ‘எழுத்துக்கூட்டல்’ கூடாது. ‘கூட்டெழுத்து’ (இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒன்றாக எழுதுவது) என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, குழப்பம் வரும்.

தென்காசித் தம்பி எழுதியது:

இங்கே இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

ஒன்று, எழுத்துக்கு எழுத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல், ளகரத்துக்குக் கீழே புள்ளியிட்ட எல் என்று வைத்திருக்கிறது. அதைப் பார்த்து மூலத் தமிழை அப்படியே திரும்ப எழுதிவிடலாம். அண்ணாச்சியின் ‘எழுத்துப்பெயர்ப்பு’ இதற்குக் கச்சிதம். ஆனால் பாஸ்போர்ட்டில் கோடு போட்ட எல்லுக்கு இடமில்லை.

இன்னொன்று, காதுக்கு எழுதுவது. செண்பகத்தின் பகரத்துக்கு ‘பி’ போடுகிறோம், முல்லைப் பூவில் வரும் பகரத்துக்கும் அதே ‘பி’யா போடுவோம்? தமிழில் ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது, நாம் ஒலியைத்தான் எழுதுகிறோம். ஆங்கில எழுத்துகளை உச்சரிக்கும்போதே நமக்குள் குழப்பம் வருவதால் தெளிவாகச் சொல்கிறேன்: செண்பகத்துக்கு ஏ-க்கு அடுத்த எழுத்து, பூவுக்கு ஓ-வுக்கு அடுத்த எழுத்து. கையேட்டுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வேலை. அதனால் ஒலிபெயர்ப்பு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத அரசாணை வெளியானது. தூத்துக்குடிக்கும் கோயம்புத்தூருக்கும் ஏகப்பட்ட எழுத்துகள் சேர்ந்தன. எதிர்ப்பு வந்து சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். நாமும் ஒவ்வொரு நெடிலுக்கும் இரட்டை எழுத்து என்று போனால் பெற்றோர் ஏற்க மாட்டார்கள். ஆனால் சாரலுக்கு மட்டும் இரட்டை ஏ வேண்டும். ஒற்றை ஏ போட்டால் ‘சரல்’ ஆகிவிடும். அது இந்தியில் எளிது என்று பொருள்படும் சொல், வருமான வரிக்கு அந்தப் பெயரில் ஒரு படிவமே இருந்தது. குற்றாலத்துச் சாரலில் நனைந்தவர்கள் அந்தப் பெயரைப் படிவமாக்க விடலாமா?

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி எழுதியது:

சாரலுக்கு இரட்டை ஏ சரி. ஆனால் பொருநைக்குப் போவதற்கு முன் தமிழிலேயே எழுத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம்மாழ்வார் ‘பொருநல்’ என்கிறார், ‘பொருநல் வடகரை வண்தொலைவில்லிமங்கலம்’ என்று. ஆற்றைப் பெயராக வைக்கிறவர்களுக்கு இரண்டு வடிவமும் தெரிய வேண்டும். கரையைப் பொருது ஓடுவதால் பொருநை என்று நான் கொள்கிறேன். கரூர்க்காரர்கள் ஆன்பொருநை தங்களுடையது என்பார்கள், அது வேறு ஆறு, இங்கே கலக்க வேண்டாம்.

ஒலியைக் காதுக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆனது. நம் நிலாவாரை இன்றும் மருந்துச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’தான். எழுதினவன் போய்விட்டான், எழுத்து நின்றுவிட்டது. ஒரு குழந்தைக்கும் அப்படித்தான் நிற்கும்.

களக்காட்டு அக்கா எழுதியது:

அண்ணாச்சி கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். குற்றாலத்து அம்மன் பெயர் குழல்வாய்மொழி. அந்தப் பெயர் வைத்த பிள்ளைக்கு இரண்டு ழகரம். ஒரு சான்றில் முதல் ழகரத்துக்கு இசட்-எச், இரண்டாவதற்கு வெறும் எல் என்று இருந்ததை நானே பார்த்தேன். ஒரே பெயருக்குள்ளேயே இரண்டு வழி! தலைப்பு எதுவானாலும் போகட்டும், ழகரத்துக்கு ஒரே வழி என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பாளையங்கோட்டை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் நாலு பேரில் மூன்று பேர் ‘ஒலிபெயர்ப்பு’ பக்கம், ஒருவர் அண்ணாச்சி பக்கம். நான் அக்கா சொன்ன தாய்மார்களை நினைத்துப் பார்த்தேன். ஆகவே பத்தித் தலைப்பில் ‘ஆங்கில எழுத்தில் (ஒலிபெயர்ப்பு)’ என்று போகிறது. முதல் பாதி உடனே விளங்கும், அடைப்புக்குள் இருப்பது புழங்கப் புழங்கப் பழகும். ‘எழுத்துக்கூட்டல்’ என்பதை முன்னுரையில் ஓரிடத்தில் பயன்படுத்துகிறோம்.

ழகரத்துக்கு எல்லாப் பெயரிலும் இசட்-எச். தாழை பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும். ‘எழுதுவது கடினம் என்பதற்காகப் பெயரை மாற்றாதீர்கள்’ என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், அதை யார் சொன்னாலும் எடுக்கப்போவதில்லை.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி எழுதியது:

பெரும்பான்மை என்றால் ஆகட்டும் டீச்சர். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘எழுத்துப்பெயர்ப்பு’ என்றுதான் நான் எழுதுவேன், என்னிடம் படித்தவர்களும் எழுதுவார்கள். இசட்டையும் ஏற்கவில்லை. தாழையின் கீழே சேர்த்த வரிக்கு மட்டும் முழு ஆதரவு.

தென்காசித் தம்பி எழுதியது:

செண்பகத்துக்கு முதல் எழுத்து முடிவாகவில்லையே டீச்சர்? எங்கள் ஆச்சி பெயர் செண்பகவல்லி. ரேஷன் அட்டையில் எஸ்-எச், வங்கிப் புத்தகத்தில் எஸ், நிலப் பத்திரத்தில் சி-எச். நாம் பேசும்போது எஸ் ஒலிதான் வருகிறது, ஆனால் இந்தப் பெயருள்ள பலரும் எஸ்-எச் போடுகிறார்கள். என் ஓட்டு எஸ். அக்காவும் அண்ணாச்சியும் ஞாயிறு ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள்.